அங்கோர் வாட் பயணம்: வழிகாட்டி நூலா, இணையதளமா?

விலைக்கு இணையதளம்தான். கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்கு நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், 3 நாளுக்கு 62, 7 நாளுக்கு 72. 3 நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் விட்டுவிட்டும் பயன்படுத்தலாம். நூலின் பழைய பதிப்பை நம்பினால் டாக்சிக் கணக்கே தப்பிவிடும்: கோயில்களுக்கு அருகிலுள்ள ஊரான சியெம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தது, ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல்.

சிற்பங்களுக்கு நூல்தான், சந்தேகமே வேண்டாம். அங்கோர் வாட் கோயிலின் மேற்குச் சுற்றுமண்டபச் சுவரில் தெற்கே குருக்ஷேத்திரம், வடக்கே இலங்கைப் போர். கிழக்கே பாற்கடல் கடைதல். இணையத்தில் இவை துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். வரைபடத்தைக் கையில் வைத்து நிதானமாகப் பார்க்க வேண்டிய சுவர்கள் அவை!

நூலுக்கு சிக்னல் வேண்டாம். இணையப் பக்கத்தை முன்பே சேமித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் பயணத்துக்கு இணையம் போதும். மூன்று நாள் என்றால் நூலைப் பார்த்துக் கோயில்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணத்தை இணையத்தில் சரிபாருங்கள்.