ஐசியூ வாசல்ல ஒரு சீட்டு

ஐசியூ கதவ அரையா தொறந்து சிஸ்டர் "அட்டெண்டர் யாருங்க, இத வாங்கிட்டு வாங்க"ன்னு ஒரு சீட்ட நீட்டுவாங்க, நாம கீழ ஃபார்மஸிக்கு ஓடோணும். ஊர்ல இருக்கறவங்களுக்கு இது ஒரு விசயமே இல்ல, பர்மிங்ஹாம் போன பொறவு எனக்குத்தான் சுத்தமா மறந்து போச்சு.

அண்ணன் பையனுக்கு எட்டு மாசம், எட்டு கிலோ. மொதல்ல வெறும் மூக்கு ஒழுகல்தான், அப்பறம் ஒரு ராத்திரி மூச்சு வாங்கி நெஞ்சுக்கூடு உள்ள உள்ள இழுக்குது, பால் குடிக்க மாட்டேங்கறான். அவங்க அமுச்சி துளசிச்சாறுங்கறாங்க, பக்கத்து கிளினிக்ல நெபுலைசர் வச்சு ஆன்டிபயாடிக் சிரப்பும் எழுதிட்டாங்க. இது பெரும்பாலும் ஆர்எஸ்வி வைரஸ் பண்ற வேலை, இங்கிலாந்துல எந்த நோய்க்கு என்ன வைத்தியம்னு சொல்ற நைஸ் அமைப்போட கைடுலைன் 2015லயே இந்த பிராங்கியோலைடிஸுக்கு, அதாவது சின்ன மூச்சுக்குழாய் வீக்கத்துக்கு, நெபுலைசர்ல வைக்கற சால்புட்டமால் வேண்டாம் ஸ்டீராய்டு வேண்டாம் ஆன்டிபயாடிக் வேண்டாம்னு சொல்லிருச்சு. என் பொண்ணுக்கு வந்தப்ப அங்க ஒரு மருந்தும் தரல, அன்னைக்கு அதுக்கும் எனக்குக் கோவந்தான் வந்துச்சு, அது வேற கதை.

புளியம்பட்டில இருந்து அன்னூர் வழியா கோயமுத்தூர் வந்து சேந்தப்ப ஆக்ஸிஜன் 88. நேரா குழந்தைங்க ஐசியூ. டாக்டர் நல்ல மனுசன், அவசரத்துலயும் நின்னு சொன்னாரு: நுரையீரல்ல இருக்கற சின்னச் சின்ன மூச்சுக்குழாய் வீங்கி சளி அடைச்சிருக்கு, நம்ம சொட்டுநீர் ட்யூப்ல பாசி அடைக்கற மாதிரிங்க, வைரஸ் தானா அடங்கற வரைக்கும் மூச்சுக்கு சப்போர்ட் குடுக்கறதுதான் வைத்தியம். சரின்னு தலையாட்டினேன், ஒடனே சீட்டு வந்துருச்சு. ஹை ஃப்ளோ கேனுலா, இன்ஃபன்ட் சைஸ், அதாவது வேகமா ஆக்ஸிஜன் காத்து விடறதுக்கு மூக்குல வைக்கற குழந்தை அளவு குழாய்.

லிஃப்ட் பேஷண்ட்டுக்கு மட்டும், படில எறங்கி டோக்கன் எடுத்து நின்னா எனக்கு முன்னால ஒருத்தர் ஒரு மாசத்து சுகர் மாத்திரைய ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பா எண்ணிட்டு இருக்காரு. என் முறை வந்தா ஃபார்மஸி தம்பி சாதா ஆக்ஸிஜன் ட்யூப எடுத்துக் குடுத்துட்டாப்ல. மேல போனா சிஸ்டர் "இது இல்லீங்களே"ங்கறாங்க. மறுபடி கீழ. "எல்லாம் ஒண்ணுதானுங்க அக்கா, மூக்குல வைக்கறதுதானுங்களே"ங்கறாப்ல!

ஒண்ணு இல்லீங்க தம்பி. சாதா ட்யூப்ல வர்றது ரெண்டு லிட்டர் வாக்குல, காஞ்ச காத்து. ஹை ஃப்ளோன்னா கிலோவுக்கு நிமிசத்துக்கு ரெண்டு லிட்டர், இவனுக்கு பதினாறு லிட்டர், அதையும் ஒடம்புச் சூட்டுக்கு சூடு பண்ணி ஈரமாக்கித்தான் விடுவாங்க, இல்லீன்னா மூக்கு புண்ணாயிரும், அந்த வேகத்துக்கு குழாயும் வேற, மூக்கு ஓட்டையவும் முழுசா அடைக்கக் கூடாது, பாதி எடமாவது விடோணும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல ஒரு வயசுக்கு உட்பட்ட 1472 குழந்தைங்கள வச்சு பாத்தது 2018ல வந்துச்சு, சாதா ஆக்ஸிஜன்ல இருந்தவங்கள்ல 23 சதவீதத்துக்கு அடுத்த கட்ட சிகிச்சை தேவைப்பட்டுச்சு, ஹை ஃப்ளோல 12தான். இத்தனையும் கவுண்டர்ல நின்னு சொன்னேன், பின்னால இருந்த அய்யன் "அம்மிணி, நவுந்து நின்னு பேசு சாமி"ன்னுட்டாரு.

கடைசில சரியான டப்பா கெடச்சு மூச்சு வாங்க மேல ஓடுனா, பையன் மூக்குல ஏற்கனவே அது மாட்டியிருக்கு! "ஸ்டாக்ல இருந்து அப்பவே போட்டுட்டமுங்க, அதுக்கு பதிலு வைக்கத்தான் இது"ங்கறாங்க சிஸ்டர் சாவகாசமா. ஒரு வார்த்தை மொதல்லயே சொல்லியிருந்தா என்னங்க? அங்க எல்லாம் இந்த டப்பாவ அப்பன் ஆத்தா கண்ணுலயே காட்ட மாட்டாங்க. ஆனா ஒண்ணு, என் பொண்ண எமர்ஜென்சில உக்கார வச்சு ராத்திரி பூரா காக்க விட்டாங்க, இங்க காரை விட்டு எறங்கின அரை மணில மூச்சுக்கு மெஷின் வந்துருச்சு.

அண்ணிய உள்ள விடாததுதான் இன்னும் ஆறல. பர்மிங்ஹாம்ல குழந்தை பக்கத்துலயே எனக்குக் கட்டில் போட்டாங்க, இங்க காலைல கொஞ்சம் சாயந்திரம் கொஞ்சம் பாத்துட்டு வெளிய வந்துரோணும், அண்ணி பால் எடுத்து பாட்டில்ல குடுத்தா உள்ள மூக்கு ட்யூப் வழியா எறக்குவாங்க. நடுவுல ஒரு நாள் ராத்திரி ஹை ஃப்ளோ பத்தாம பபிள் சிபேப் மாத்தினாங்க, மூச்சுக்குழாய் மூடிக்காம இருக்க விடாம ஒரே அழுத்தத்துல காத்து குடுக்கறது அது, குழாயோட மறு முனை பாட்டில் தண்ணிக்குள்ள ஆறு சென்டிமீட்டர் முங்கியிருக்கும், அந்த ஆழந்தான் பிரஷர், அதுவும் பத்தலீன்னா வென்டிலேட்டர்னு சொல்லி வச்சாங்க. அது வரைக்கும் போகல.

இப்ப சின்னம்மா பொண்ணு மாசமா இருக்கா. இங்கிலாந்துல 2024 செப்டம்பர்ல இருந்து 28 வாரம் ஆனதும் அம்மாவுக்கே ஆர்எஸ்வி ஊசி இலவசமா போட்டுடறாங்க, பொறக்கற குழந்தைக்கு அந்த எதிர்ப்பு சக்தி போயிரும். கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் இது எங்கயாச்சும் போடறாங்களான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, அவளுக்கு 24 வாரம் ஆச்சு.