விடுமுறை வீட்டில் நகை காணாமற்போனால்: உரிமையாளரா, காவல் நிலையமா, காப்பீடா, நீதிமன்றமா?

சென்ற ஆண்டு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே புனித வெள்ளியை ஒட்டி நடக்கும் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவுக்காக ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து குடும்பத்தோடு போயிருந்தோம். உம்லாங்காவில் ஒரு விடுமுறை வீட்டில் எங்களுக்கு இரண்டு அறைகள். மற்ற இரண்டில் வேறு குடும்பங்கள். சமையலறையும் கூடமும் பொது. மூன்றாம் நாள் கோயிலிலிருந்து திரும்பியதும் அத்தை பெட்டியைத் திறந்தார். சங்கிலியைச் சுற்றி வைத்த கைக்குட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. உள்ளே சங்கிலி இல்லை. அறைக் கதவில் ஒரு கீறல்கூடக் கிடையாது. நான்கு அறைகளின் மாற்றுச் சாவிகளும் சமையலறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தோம்.

எல்லார் பைகளையும் திறந்து பார்த்துவிடலாம் என்றார் அண்ணன். இது வழியே அல்ல. பிறர் பையைச் சோதிக்க நமக்கு உரிமை கிடையாது. ஆதாரமில்லாமல் விரல் நீட்டினால் அவதூறு வழக்கு நம் மேல் திரும்பும். அதைவிட என்னை வருத்தியது வேறு. காலையில் வந்து வீட்டைத் துடைத்துவிட்டுப் போகும் பெண்ணைத்தான் எல்லாரும் முதலில் சொன்னார்கள். அவர் எடுத்ததைப் பார்த்தவர் இல்லை, சாட்சி இல்லை. வேலைக்காரி என்பது ஒன்றே காரணம். 1860-இல் தொடங்கி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எது காணாமற்போனாலும் பழி முதலில் யார் மேல் விழும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரைக் கூப்பிட்டு மிரட்ட நான் விடவில்லை.

மிஞ்சியவை இரண்டு: உரிமையாளரோடு பேசித் தீர்ப்பது, காவல் நிலையம் போவது. உரிமையாளர் தொலைபேசியில் குழைந்து பேசினார். போலீஸ் வேண்டாம், கடைசி இரண்டு இரவு வாடகையைக் கழித்துக்கொள்கிறேன் என்றார். அவர் வழியில் ஒரு பலம் உண்டு. வாசல் கேமராவின் பதிவு, யார் யாரிடம் சாவி இருக்கிறது என்ற விவரம், தங்கியவர்களின் பட்டியல் எல்லாம் அவர் கையில்தான். கேமராப் பதிவு சில நாட்களில் தானாக அழிந்து மேலெழுதப்படும் என்பதால், அதைப் பாதுகாத்து வைக்கும்படி அன்றிரவே எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சு உதவாது.

காவல் நிலையத்தின் பலம் வேறு வகை. சங்கிலி திரும்பி வரும் என்று நம்பி அங்கே போகாதீர்கள். வழக்கு எண்ணுக்காகப் போங்கள். 10111 அவசரத்துக்கான எண். திருடன் போய்விட்ட பிறகு நேரில் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுப்பதே முறை. கட்டணம் இல்லை. பொருளின் விவரம், கடைசியாகப் பார்த்த நேரம், கையில் இருக்கும் புகைப்படம் போதும். வழக்கு எண் குறுஞ்செய்தியாக வரும். அந்த எண் இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையைத் தொடவே தொடாது. அதனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், உரிமையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் நான் காவல் நிலையத்தைத்தான் சொல்வேன், அதுவும் அன்றைக்கே.

பணம் திரும்பக் கிடைக்கும் வழிகளில் எல்லாரும் முதலில் நினைப்பது காப்பீடு. தென்னாப்பிரிக்காவின் பல பாலிசிகளில் ஒரு வரி ஒளிந்திருக்கிறது: திருடன் வலுக்கட்டாயமாக உள்ளே புகுந்ததற்கு அடையாளம் வேண்டும். ஆணியில் தொங்கிய சாவியால் திறந்த கதவில் எந்த அடையாளம் இருக்கும்? எங்கள் கோரிக்கை அங்கேதான் நின்றது. வீட்டுக்கு வெளியே கொண்டுபோகும் பொருள்களுக்கான தனிக் காப்பீட்டில் அந்தச் சங்கிலியைப் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தால் கதையே வேறு. மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால், 2024 மார்ச்சில் தொடங்கிய தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடம் இலவசமாக முறையிடலாம்.

சிறு உரிமைகோரல் நீதிமன்றத்துக்குக் கதவின் கீறல் தேவையில்லை. அங்கே கேள்வி ஒன்றுதான்: உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தாரா? சாவிகளைப் பொதுச் சமையலறையில் தொங்கவிட்டது அதற்கு நல்ல பதில். நான் அந்த ஆணியைப் படம் எடுத்து வைத்தேன். வரம்பு 20,000 ராண்ட். இன்றைய தங்க விலையில் இரண்டு சவரன் சங்கிலியே அதைத் தாண்டும்; மிகுதியை விட்டுக்கொடுத்து வரம்புக்குள் வழக்குப் போடலாம். வழக்கறிஞர் வாதாட அனுமதி இல்லை என்பது நமக்கு அனுகூலம். முதலில் 14 நாள் கெடு வைத்து ஒரு கோரிக்கைக் கடிதம் எழுத வேண்டும். பலர் அந்தக் கடிதத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

“பொருள்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்ற பலகையைக் காட்டி உரிமையாளர் தப்பப் பார்ப்பார். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அத்தகைய அறிவிப்பு எளிய மொழியில், வாடிக்கையாளரின் கண்ணில் படும்படி முன்கூட்டியே காட்டப்பட வேண்டும்; பெரும் கவனக்குறைவுக்கு எந்தப் பலகையும் கேடயமாகாது. விடுதி நடத்துபவர்களுக்கு இன்னும் பழைய கடிவாளம் ஒன்று இருக்கிறது. ரோமானியர் காலத்து ஆணையிலிருந்து வந்த விதி இந்நாட்டுச் சட்டத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது: விருந்தினரின் பொருளுக்கு விடுதிக்காரர் பொறுப்பு, விருந்தினரின் தவறோ தடுக்க முடியாத பேரிடரோ காரணமாக இருந்தாலன்றி.

முன்பதிவு செய்த இணையதளத்துக்கும் எழுதுங்கள், ஆனால் காத்திருக்காதீர்கள். அவற்றின் பாதுகாப்புத் திட்டங்களில் பெரும்பகுதி வீட்டுக்காரரின் சொத்துக்கானது; நம் பொருளுக்கு இழப்பீடு வருவதானால் அதுவும் வீட்டுக்காரர் சட்டப்படி பொறுப்பு என்று ஆன பிறகுதான்.

எங்கள் கடிதம் போன பன்னிரண்டாம் நாள் உரிமையாளர் அழைத்து, பாதித் தொகை தருவதாகச் சொன்னார். கூடவே கையெழுத்துக்கு ஒரு தாளும் அனுப்பினார். “முழுமையான, இறுதியான தீர்வு” என்று அதில் இருந்தது. காப்பீட்டு மறுப்பின் மேல் முறையீடு நிலுவையில் இருக்கும்போது அந்த வரியோடு கையெழுத்திட்டால் முறையீட்டுக்கே அது குந்தகமாகலாம். அந்த வரியை அடித்து, “பகுதித் தொகை பெற்றுக்கொண்டோம்” என்று மாற்றி எழுதிய பிறகுதான் அத்தை பேனாவை எடுத்தார்.