ஊட்டியா, கொடைக்கானலா, பெங்களூரா, கோட்டிங்கனா: போஸ்ட்டாக் எங்கே செய்வது?

திரவ, வாயு ஓட்டங்களை ஆராயும் பாய்ம இயக்கவியலிலோ, ஏராளமான துகள்களின் கூட்டு நடத்தையை ஆராயும் புள்ளியியல் இயற்பியலிலோ பி.எச்டி. முடித்துவிட்டு, குன்னூர் கோத்தகிரிப் பக்கம் வீட்டிலிருந்தபடி போஸ்ட்டாக்குக்கு, அதாவது பி.எச்டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கு, விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு வரும் முதல் ஆசை, ‘ஊர்ப்பக்கமே இருந்துவிடலாமா’ என்பதுதான். அது வெறும் ஏக்கமில்லை. ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. பழனி மலைக்குப் போனால் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். இரண்டிலும் பாய்மக்காரருக்கு வேலை உண்டு.

ஊட்டித் தொலைநோக்கி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி 1970இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே அளவு சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்து வடக்கு தெற்காக அமைத்ததால், அதன் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. தொலைதூர ரேடியோ மூலங்களை, சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்றின் ஊடாகப் பார்க்கும்போது அவை மினுக்கும். அந்த மினுக்கலிலிருந்து காற்றின் வேகத்தையும் அடர்த்தியின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கிடலாம்.

சுவாரசியம் இங்கேதான். சூரியக் காற்றில் ஒரு துகள் இன்னொன்றோடு மோதுவதற்குள் கடக்கும் சராசரித் தூரம், கிட்டத்தட்ட பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம். போதிய மோதல்கள் இருந்தால்தான் துகள்களின் பரவலைச் சொல்லும் போல்ட்ஸ்மன் சமன்பாட்டிலிருந்து மொத்த ஓட்டத்தைச் சொல்லும் பாய்மச் சமன்பாட்டுக்கு வரமுடியும் என்றுதான் படித்திருக்கிறோம். இங்கே மோதலே அரிது. இருந்தும் அதன் காந்தப்புல ஏற்ற இறக்கங்களில், சாதாரணப் பாய்மத்தின் கொந்தளிப்புக்காக ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மோகரோவ் 1941இல் சொன்ன மைனஸ் 5/3 அடுக்கை (பெரிய சுழல்கள் முதல் சிறியவை வரை ஆற்றல் எப்படிப் பங்கிடப்படுகிறது என்ற விதி) ஒட்டிய கோடு பல இடங்களில் தென்படுகிறது. இரண்டு துறையிலும் கால் வைத்தவருக்கு இதைவிட நல்ல கேள்வி எளிதில் கிடைக்காது.

ஆனால் கேள்வி வேறு, வேலை வேறு. அன்றாடம் கையில் இருக்கப்போவது ஆன்டெனா, சிக்னல், இரைச்சல் நீக்கும் நிரல். தொலைநோக்கியை நடத்தும் நிறுவனத்தின் தலைமையிடமோ புனே. கைடு எங்கே உட்காருவார் என்று கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

கொடைக்கானலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சூரியப் புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909இல் கண்டது அங்கேதான். நூறாண்டுக்கும் மேற்பட்ட சூரியப் படங்கள் இருக்கின்றன. காலத்தொடர்களை அலசுவதில் கைதேர்ந்தவருக்குப் புதையல், மற்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை. அதன் தாய் நிறுவனமும் பெங்களூரில்தான்.

சரி, பெங்களூருக்கே போனால்? ஐசிடிஎஸ் (கோட்பாட்டு அறிவியலுக்கான பன்னாட்டு மையம்), ஜவாஹர்லால் நேரு மையம், ஐஐஎஸ்சி என மூன்று இடங்களிலும் பாய்மக்காரர்கள் இருக்கிறார்கள். நம் தேயிலைத் தோட்டங்களில் இறங்கும் மூடுபனி சம்பந்தப்பட்ட ஒரு புதிரும் அங்கே அலசப்படுகிறது. மேகத் துளி நீராவி படிந்து சுமார் 15 மைக்ரான் ஆரம் வரை வேகமாக வளரும், பிறகு மந்தமாகிவிடும். 40 மைக்ரானைத் தாண்டினால்தான் துளிகள் மோதிச் சேர்வது சூடுபிடிக்கும். நடுவிலுள்ள இடைவெளியைக் கடந்து மழை எப்படி இவ்வளவு சீக்கிரம் வருகிறது? கொந்தளிப்பான காற்று துளிகளைச் சில இடங்களில் கூட்டமாக ஒதுக்கிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம். பேப்பரில் தொடங்கி நிரலில் சோதித்து, மதியச் சாப்பாட்டுக்குள் பக்கத்து அறைக்காரரோடு சண்டை போடலாம். அந்தச் சண்டைதான் போஸ்ட்டாக்கின் பெரும்பகுதி. மலையில் அதற்கு ஆள் குறைவு.

ஜெர்மனியின் கோட்டிங்கன், பாய்மவியல் முன்னோடி பிராண்டல் வேலை செய்த ஊர். இன்றும் அங்குள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் கொந்தளிப்பை ஆய்வதோடு, சுக்ஷ்பிட்ஸ் மலையில் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள நிலையத்தில் மேகத்துக்குள்ளேயே துளிகளை அளக்கிறார்கள். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்! (அங்கே நாம் தொலைநோக்கியில் ஊர் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்.) ஜெர்மனியில் ஆய்வு செய்ய வரும் வெளிநாட்டவருக்கான ஹம்போல்ட் உதவித்தொகை 6 முதல் 24 மாதம் வரை, பி.எச்டி. முடித்து 4 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விசா, வாடகை, வீட்டுப் பெரியவர்களின் உடல்நிலை எல்லாவற்றையும் யோசித்துத்தான் போகவேண்டும்.

என் ஓட்டு எதற்கு என்றால், பி.எச்டி. முழுக்கக் கணினியிலேயே ஓடியிருந்தால் கோட்டிங்கன். அளவீடு எப்படிப் பிசகும் என்பதைக் கையால் தெரிந்துகொள்ளாமல் கோட்பாட்டுக்காரராகவே காலம் தள்ளுவது கடினம். பரிசோதனைக்கூடத்திலிருந்து வருபவருக்குப் பெங்களூர். ஊட்டியையும் கொடைக்கானலையும் தரவாக எடுத்துக்கொள்ளுங்கள், முகவரியாக வேண்டாம். சூரியக் காற்றுக் கேள்வியைப் பெங்களூரில் இருந்துகொண்டே கேட்கலாம். வார இறுதியில் ஊருக்கு வருவதானால் பகல் பஸ்ஸாகப் பாருங்கள். பந்திப்பூர் காட்டுச்சாலையை இரவு 9 மணிக்கு மூடிவிடுவார்கள்.