பயர்பொக்ஸைச் சோதிக்க நைட்லியா, பீட்டாவா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பயர்பொக்ஸில் தமிழ் எழுத்தைச் சோதிக்க முன்வருவோர் முதலில் கேட்பது, நைட்லி, பீட்டா என்ற இரு சோதனைப் பதிப்புகளில் எதை எடுப்பது என்பதைத்தான்.

புதிய மாற்றங்கள் முதலில் வந்து சேரும் நைட்லி பெரும்பாலும் நாளுக்கு 2 முறை புதிதாக வரும். நேற்றுச் சரியாகத் தெரிந்த 'கொ' இன்று உடைந்தால், தேட வேண்டியது ஒரு நாள் மாற்றங்களுக்குள் மட்டுமே. எந்த நாளில் உடைந்தது எனத் தெரியாவிட்டால், பழைய பதிப்புகளை இறக்கிச் சோதிக்க உதவும் மொஸ்ரிக்ரெஷன் கருவி இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்துக் காரணத்தை நெருங்கும். ஒரு மாத இடைவெளிக்கு ஏறக்குறைய 5 பதிப்புகள் இறங்கும். கைபேசி டேட்டாவில் இது பெரிய செலவு. அதற்காகப் புதுப்பிப்பை நிறுத்திவிடாதீர்கள். பழைய பதிப்பில் கண்ட பிழை ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தால் அறிக்கை வீண்.

பொது வெளியீட்டுக்கு முந்திய பதிப்பான பீட்டா, நைட்லியில் சில வாரம் அடிபட்டு வந்தது. அன்றாட வேலைக்குத் தாங்கும், டேட்டாவும் குறைவு. ஆனால் இங்கே திருத்தம் சேர்க்கத் தனி அனுமதி வேண்டும். வெளியீடு கிட்டிய பிறகு சொன்னால் பெரிய திருத்தங்கள் அடுத்த பதிப்புக்குத் தள்ளிப்போகும்.

வாரத்தில் சில நாளாவது உட்கார முடிந்தவர் நைட்லியையே எடுக்கட்டும். தமிழ்ப் பிழைகளை அங்கேதான் சீக்கிரம் பிடிக்கலாம். இரண்டையும் ஒரே கணினியில் நிறுவலாம், தனித்தனி சுயவிவரத்தில் (புத்தகக்குறிகளும் அமைப்புகளும் சேமிக்கப்படும் இடம்) இயங்கும். நைட்லியில் திறந்த சுயவிவரத்தைப் பீட்டா ஏற்காது. புத்தகக்குறிகளை முதலில் நகலெடுத்து வையுங்கள்.