மலையிலிருந்து செஸ் ஆட லிச்செஸா, செஸ்.காமா?

கோத்தகிரிப் பக்கம் ஆன்லைனில் செஸ் ஆடுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் இரண்டு புகார்தான் வரும். நடு ஆட்டத்தில் நெட் போய்விடுகிறது என்பது ஒன்று. எதிராளி எஞ்சின், அதாவது சிறந்த நகர்த்தலைச் சொல்லும் செஸ் மென்பொருள், பார்த்து ஆடுகிறான் என்பது இன்னொன்று. லிச்செஸ், செஸ்.காம் என்ற இரண்டு செஸ் தளங்களிலும் கணக்கு வைத்து ஆடிப் பார்த்துவிட்டு நான் லிச்செஸிலேயே தங்கிவிட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். செஸ்.காமில் கூட்டம் அதிகம், எந்த நேரத்திலும் ஆள் கிடைக்கும். பாட்களோடு, அதாவது ஆளுக்குப் பதில் கம்ப்யூட்டரோடு, ஆடலாம், ஆட்டம் முடிந்ததும் எங்கே தவறினோம் என்று வார்த்தையில் விளக்கும் வசதியும் உண்டு. இலவசக் கணக்கில் அது அளவோடுதான். கட்டணச் சந்தா நான் எடுத்ததில்லை, அதைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். லிச்செஸ் 2010-ல் தீபோ துப்ளெஸி என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. நன்கொடையில் ஓடுகிறது, சந்தா கிடையாது. விளம்பரமும் இல்லாததால் பக்கம் இலேசானது. சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் பலகை திறந்துவிடுகிறது.

எனக்கு முடிவைச் சொன்னது இதெல்லாம் இல்லை. லைன் அறுந்தால் தளம் என்ன செய்கிறது என்பதுதான்.

இங்கே லைன் அறுவது சகஜம். தொட்டபெட்டா மறைத்து நிற்பதால் தென்மேற்குப் பருவமழையின் வேகம் மேற்கே கூடலூர்ப் பக்கத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடும். எங்களுக்கு அடி விழுவது ஐப்பசி, கார்த்திகையில். ஃபைபர் கேபிள் தேயிலைத் தோட்டங்கள் வழியே கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு வருகிறது. ஒரு கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ சாய்ந்தால் கரண்ட்டும் கேபிளும் சேர்ந்தே போகும். மொபைலுக்கு மாறலாம் என்றால், பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு டவர் எட்டாது. கரண்ட் வர நேரமானால் டவரின் பேட்டரியும் இறங்கிவிடும். ஜன்னல் ஓரம் போய் ஹாட்ஸ்பாட் போட்டு, மறுபடி பலகைக்குள் நுழைய ஒரு நிமிடமாவது வேண்டும்.

அந்த ஒரு நிமிடம்தான் விஷயம். செஸ்.காமில் ஒருவர் தொடர்பறுந்து, தளம் தரும் அவகாசத்துக்குள் திரும்பவில்லை என்றால், ஆட்டத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொண்டு அவருக்குத் தோல்வி எழுதிவிடும். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அது தானாக நடக்கும். லிச்செஸில் முடிவு எதிரே இருப்பவர் கையில் இருக்கிறது. அவகாசம் தீர்ந்ததும் வெற்றியைக் கோரலாம், டிரா என்று முடிக்கலாம், இல்லையென்றால் காத்திருக்கலாம். பக்கத்தை மூடிவிட்டுப் போனவருக்கு அவகாசம் குறைவு, லைன் அறுந்தவருக்குக் கூடுதல். இந்த வித்தியாசத்தைப் பார்க்கிற தளத்தில்தான் மலைக்காரன் நிம்மதியாக ஆட முடியும். கடிகாரம் என்னவோ இரண்டிலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் 15 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதலும் வைத்து ஆடினால் ஒரு நிமிடம் போனாலும் தாங்கும். காத்திருக்கும் ஆட்களும் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைக்கிறார்கள்.

லிச்செஸுக்கு ஒரு குறை உண்டு. அதன் சர்வர் பிரான்சில் இருக்கிறது. உங்கள் பெயரை அழுத்தினால் வரும் பட்டியலில், தகவல் அங்கே போய்த் திரும்ப ஆகும் நேரம், அதாவது பிங், எவ்வளவு என்று தெரியும். நெட் தின்ற நேரத்தை ஓர் அளவு வரை கடிகாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆனாலும் கூடுதல் விநாடி இல்லாத 3 நிமிட ஆட்டம் இங்கிருந்து சரிப்படாது. பிளிட்ஸ் என்ற இந்த மாதிரி வேக ஆட்டம் நான் அதிகம் ஆடுவதில்லை என்பதால், அதில் எந்தத் தளம் வேகம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இது மலைக்கு மட்டும் வரும் கஷ்டமும் இல்லை. 2020 ஆகஸ்டில் ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதிப் போட்டியில் ரஷ்யாவோடு ஆடும்போது இணையக் கோளாறில் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் தொடர்பறுந்து நேரத்தில் தோற்றார்கள். இந்தியா முறையிட்டது, கடைசியில் இரண்டு நாடுகளையும் கூட்டு வெற்றியாளராக உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே அறிவித்தது. நமக்கு முறையிட அப்படி ஓர் அமைப்பு இல்லை. எதிரே இருப்பவரின் பொறுமைதான் நடுவர்.

அடுத்து ஏமாற்று. அது கற்பனை என்று நான் சொல்லவில்லை. 2021-ல் விஸ்வநாதன் ஆனந்தோடு நடந்த நிதி திரட்டும் ஆட்டத்திலேயே, அவரை வென்ற ஒரு தொழிலதிபர் கம்ப்யூட்டர் உதவி பெற்றதாக அடுத்த நாள் ஒப்புக்கொண்டார். ஆனால் நம் ஊர்ச் சந்தேகங்களில் பாதி லைன் அறுவதிலிருந்தே பிறக்கிறது. யானை முடிவாட்டம் ஒன்றில் எதிராளி திடீரென்று மறைந்தார். திரும்பி வந்ததும் யானையை என் சிப்பாய்க்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி ஆட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார். போய் எஞ்சின் பார்த்துவிட்டு வந்தான் என்றுதான் தோன்றும். முடிந்த பிறகு லிச்செஸ் காட்டும் நகர்த்தல் நேர வரைபடத்தைப் பார்த்தேன். எளிய வெட்டுக்கு ஒரு விநாடி, சிக்கலான இடத்தில் முக்கால் நிமிடம். மனிதன் ஆடிய ஆட்டம்தான். கட்டாய வெட்டுக்கும் ஆறேழு விநாடி, ராணியைத் தியாகம் செய்யவும் அதே ஆறேழு விநாடி என்று ஆட்டம் முழுக்கப் போனால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் தளம் காட்டும் துல்லியம் 95 சதவீதம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. நாம் சீக்கிரமே ராணியை இழந்த சின்ன ஆட்டத்தில் எதிராளிக்கு யாராக இருந்தாலும் அது வரும்.

இந்த விஷயத்தில் இரண்டு தளங்களும் ஏறக்குறைய சமம். புகார் கொடுக்கலாம், ஏமாற்றியது உறுதியானால் கணக்கின் மேல் நடவடிக்கை வரும், இழந்த ரேட்டிங் புள்ளியும் திரும்பி வரும். சாட்டில் திட்டுவதைவிட புகார் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவது நல்லது.

ஒரு நகர்த்தலுக்கு நாள் கணக்கில் அவகாசம் தரும் ஆட்டம் இரண்டிலும் இருக்கிறது. நெட் கவலையே வராது. திறப்பாட்டப் புத்தகம் பார்க்கலாம், எஞ்சின் கூடாது என்பது விதி. ஆனால் மூன்று நாள் கையில் இருக்கும் ஒருவர் எஞ்சினைத் தொடவில்லை என்று நம்பத் தனி மனசு வேண்டும்.

குன்னூர் டவுனில் டவருக்கு நேரே வீடு, பிள்ளைகள் பாட்களோடு ஆடிப் பழக வேண்டும் என்றால் செஸ்.காமே தாராளமாகப் போதும். பள்ளத்தில் வீடு இருக்கிறவர்கள் லிச்செஸ், பதினைந்து நிமிடம், பத்து விநாடி என்று வைத்துக்கொண்டு, ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்துவிட்டு உட்காருங்கள்.