கோரிமேட்டுப் பெயரில்லாக் கடை: மாத்திரை சாப்பிடும் வயிற்றுக்கு ஏற்ற இட்லியும் கஞ்சியும்

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு ரோட்டில் வந்தால் கோரிமேட்டில், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, நீலத் தார்ப்பாய் கட்டிய தள்ளுவண்டியும் இரண்டு பெஞ்சும் இருக்கும். விடிவதற்கு முன்பே அடுப்பு எரியும், பத்து மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். ருசிக்கு மார்க் போடச் சொன்னால் பத்துக்கு ஆறுதான் தருவேன். சேலத்தில் இதைவிட நல்ல சாம்பார் ஊற்றுகிற கடைகள் ஏராளம். ஆனால் வயிற்றில் கிருமி என்று சொல்லி டாக்டர் கை நிறைய மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், நான் பார்த்தவரை இந்தக் கடையை மிஞ்ச ஆளில்லை. அப்படிச் சாப்பிட்டவள் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது ஹெலிகோபாக்டர் பைலோரி. இரைப்பையின் சளிப் படலத்துக்குள் குடியிருக்கும் சுருள் வடிவப் பாக்டீரியா. தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கிக்கொண்டு, அத்தனை அமிலத்துக்கு நடுவிலும் பிழைத்துக் கிடக்கும். எண்டோஸ்கோப்பி செய்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் தெரிந்தது. 14 நாள் கோர்ஸ்: அமிலத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, அப்புறம் பிஸ்மத், கூடவே மெட்ரோனிடசோல், டெட்ராசைக்ளின் என்று இரண்டு ஆன்டிபயாடிக். எல்லாருக்கும் இதே நான்கு என்று நினைக்க வேண்டாம். அமாக்சிசிலினும் கிளாரித்ரோமைசினும் சேர்ந்த கூட்டை வாங்கிச் சாப்பிட்டவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள்.

மருந்தைவிட அதன் நேரம்தான் பெரிய தலைவலி. அமில மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். மற்றவை சாப்பாட்டோடு. நான் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், தினமும் சேலத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவள். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. வெறும் வயிற்றில் மெட்ரோனிடசோலைப் போட்டுக்கொண்டு அதில் ஏறினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினாலும் அதே கதிதான். ஆக, வீட்டில் முதல் மாத்திரை, கோரிமேட்டில் இறங்கி அளவாக ஏதாவது சாப்பாடு, மீதி மாத்திரை, அடுத்த பஸ். இந்த ஏற்பாட்டுக்குத்தான் எனக்குக் கடை தேவைப்பட்டது.

முதலில் டவுனுக்குள் உடல்நலச் சாப்பாடு என்று விளம்பரம் செய்கிற ஓர் இடத்தில் கேட்டுப் பார்த்தேன். பெயர் வேண்டாம். பாலில் வேகவைத்த ஓட்ஸ், பச்சை வெங்காயம் தூவிய முளைகட்டிய பயறு, எலுமிச்சைச் சாறு. காரமில்லாமல் சும்மா இரண்டு இட்லி கிடைக்குமா என்றால், "மேடம், மெனுவுல இருக்கிறதுதான்" என்றார் அந்தப் பையன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வயிறு சரியில்லாதவர் வருவார் என்று அந்த மெனுவை எழுதியவருக்குத் தோன்றவில்லை.

கோரிமேட்டு அக்காவிடம் மெனுவே இல்லை. "காரம், புளி ஆகாது, பாலும் இப்ப வேண்டாம்" என்றதும், "சரிங்க டீச்சர், அப்ப பருப்புத் தண்ணி ஊத்தறேன்" என்றார். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, மஞ்சளும் உப்பும் சீரகமும் போட்டு, சாம்பாருக்கு எடுப்பதற்கு முன்பே தனியாக ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுவார். தாளிப்பு கிடையாது. சூடான இட்லியின் மேல் அதை ஊற்றினால் ஊறிப்போய் மெல்லவே வேண்டாத பதத்துக்கு வந்துவிடும். நாக்கு சொன்னபடி கேட்காத காலத்தில் அது பெரிய வசதி. இட்லியும் மல்லிகைப்பூ இட்லி கிடையாது, கொஞ்சம் கனம். அதனால்தானோ என்னவோ, இரண்டு சாப்பிட்டால் போதும், பதினொரு மணி இடைவேளை வரை தாங்கும்.

அடுத்தது ஜவ்வரிசிக் கஞ்சி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலைத் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவை உருட்டிக் காயவைக்கும் தொழில் நம் ஜில்லா முழுக்க நடக்கிறது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. ஆனால் நம் ஊர் ஹோட்டல்களில் அது பாயசத்தைத் தாண்டி வெளியே வருவதே அபூர்வம். இந்த அக்கா அதை இரவே ஊறவைத்து, மணி கண்ணாடியாகும்வரை வேகவிட்டு, உப்பும் சீரகப் பொடியும் போட்டுக் கஞ்சியாகத் தருகிறார். வழுவழுவென்று இறங்கும். எரிச்சல் இருக்கிற வயிற்றில் அது பட்டதே தெரியாது. சத்து என்று பார்த்தால் பெரும்பாலும் மாவுச்சத்துதான், அதனால் வெறும் கஞ்சியோடு நிறுத்தாமல் பருப்புத் தண்ணியையும் சேர்த்து வாங்குங்கள். இன்னொன்று, எட்டரைக்கு மேல் போனால் கஞ்சி இறுகிக் கட்டியாகிவிடும். வெந்நீர் விட்டுக் கலக்கித் தருவார்கள், ஆனால் முதல் பதம் வராது.

பாலைச் சேர்க்கட்டுமா என்று அக்கா ஆரம்பத்தில் கேட்டார். வயிற்றுப் புண்ணுக்குப் பால் நல்லது என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் பாடம். டெட்ராசைக்ளின் பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சரியாகச் சேராமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மறுநாளிலிருந்து அவரே, "மாத்திரை போட்டாச்சா? அப்ப காப்பி கெடையாது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். மோரை மதியத்துக்குத் தள்ளிவைத்துக்கொண்டேன், மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டு.

வாய்க்கசப்பு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மெட்ரோனிடசோல் போட்டால் நாள் முழுக்க வாயில் துருப்பிடித்த ஆணியை அடக்கிக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். எவர்சில்வர் டம்ளரில் குடித்தால் இன்னும் மோசம். டீக்கு வைத்திருக்கும் கண்ணாடி கிளாஸில் கஞ்சியை ஊற்றித் தரச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் தந்தார்கள். கொத்தமல்லியும் சீரகமும் உப்பும் மட்டும் வைத்து அரைத்த துவையல் ஒரு சிட்டிகை கேட்டு வாங்குங்கள், அந்த வாடையைக் கொஞ்சம் அமுக்கும்.

பிஸ்மத் நாக்கைக் கறுப்பாக்கிவிடும். மலமும் கறுக்கும், அதுவும் எதிர்பார்க்க வேண்டியதுதான். தார் மாதிரி பிசுபிசுப்பாகப் போய், கூடவே தலைசுற்றலும் அசதியும் இருந்தால் மட்டும் பிஸ்மத் மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும். என் நாக்கைப் பார்த்துவிட்டு அக்கா, "நாவப்பழம் எங்க கெடச்சுது டீச்சர், சீசன் முடிஞ்சுதே?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் என் வாயையே பார்த்தார்கள்.

அன்றைக்குத்தான் பாரி மார்ஷல் கதையைச் சொன்னேன். வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, 1984-ல் இந்த ஆஸ்திரேலிய டாக்டர் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, குமட்டல். எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. அவருக்கும், அவரோடு சேர்ந்து இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு. அக்காவின் வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அவங்க வீட்டுல ஒண்ணும் சொல்லலீங்களா?"

சுத்தம். இந்த நோய்க்காரர் கடையைப் பார்க்கும்போது ருசிக்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும். கிருமி வாய் வழியாகவும், மலம் கலந்த தண்ணீர் வழியாகவும் பரவும் என்கிறார்கள். இங்கே குடிக்கச் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர், குழாய் வைத்த டிரம்மில். கையை விட்டு மொள்ள வழியில்லை. தட்டின் மேல் வாழையிலைத் துண்டு போட்டுத்தான் பரிமாறுகிறார்கள். டெட்ராசைக்ளின் தொண்டையில் ஒட்டினால் புண்ணாக்கும், அதனால் ஒரு கிளாஸ் தண்ணீர் முழுவதும் குடித்தாக வேண்டும். அந்த டிரம் இருப்பதால் யோசிக்காமல் குடிக்கலாம். குறை, கிளாஸ் கழுவுகிற வாளிதான். ஒரே தண்ணீரில் பல கிளாஸ் முங்கி எழுகிறது. நான் சொந்தக் கிளாஸை எடுத்துப் போக ஆரம்பித்தேன். காசு வாங்குகிற கையும் இட்லி எடுக்கிற கையும் வேறு வேறு என்பதைக் கவனித்தேன், நிம்மதி.

பெரிய குறை வேறு. பக்கத்தில் கழிப்பறை இல்லை. ஆன்டிபயாடிக் வயிற்றைக் கலக்கும் நாளில் இது விளையாட்டில்லை. அப்படிப்பட்ட நாளில் கடைக்கு நேரில் போகாதீர்கள், வீட்டில் யாரையாவது தூக்குவாளியோடு அனுப்புங்கள். பிளாஸ்டிக் பையில் சூடாகக் கட்டித் தருவதை நான் வாங்குவதில்லை. விலை நியாயம்: இட்லி 8 ரூபாய், கஞ்சி 20. பருப்புத் தண்ணிக்குத் தனிக் காசு கேட்டதில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கஞ்சி கிருமியைக் கொல்லாது, மாத்திரைதான் கொல்லும். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் முடிக்கக் கஞ்சி உதவும், அவ்வளவுதான். வயிற்றெரிச்சல் போய்விட்டது என்பதும் கிருமி போனதற்கு அத்தாட்சி இல்லை. ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, அமில மாத்திரையையும் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துதான் உறுதிப்படுத்துவார்கள்.

எனக்கு அதில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், பூண்டுச் சட்னி வழிய வழியத் தட்டுவடை செட்டும் சாப்பிட்டாயிற்று. இருந்தாலும் காலை பஸ்ஸுக்கு முன்னால் இன்னும் கோரிமேட்டில்தான் இறங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அக்கா பழக்கத்தில் சாம்பாரை ஊற்றிவிடுவார், கரண்டி தூக்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வடை வேண்டாம், உடம்பு நன்றாக இருந்தாலும் வேண்டாம். எண்ணெய் சரியில்லை.