உப்புக்காற்றில் பழியைப் போட்ட இன்ரர்கொம் வேலை

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீடு மேட்டில், கேற் கீழே. இடையில் 35 மீற்றர், அதில் பாதி படி. அம்மாவுக்கு முழங்கால் நோ. நான் பள்ளிக்கூடம் போய்விட்டால் பால்காரருக்கும் மீற்றர் பார்க்க வருபவருக்கும் அவதான் இறங்கி ஏற வேண்டும். கனடாவில் இருக்கும் தம்பி காசு அனுப்பி, வீடியோ இன்ரர்கொம்மும் கேற்றுக்குக் கரண்ட் லொக்கும் போடச் சொன்னான்.

வந்தவர் நாடா பிடித்து அளக்கவே இல்லை. கண்ணால் பார்த்து, "முப்பது மீற்றர் வரும் அக்கா, 85,000 முடியும்" என்றார். 50,000 முற்பணம். நல்ல செப்புக் கம்பிதானே என்று கேட்டேன். "வேற என்ன போடுவம்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் நானும் விட்டுவிட்டேன்.

புதுப் பைப் போடவில்லை. கேற் லைற்றுக்கு 230 வோல்ட் போகிற பைப்புக்குள்ளேயே இன்ரர்கொம் வயரையும் இழுத்துவிட்டார். லைற்றைப் போட்டால் ஸ்பீக்கரில் தேனீக்கூடு மாதிரி ஓர் இரைச்சல். இரைச்சல் போகட்டும், அந்த வயரில் எங்காவது தோல் போனால் கேற்றில் கை வைப்பவர் கதி என்ன?

மூன்றாம் கிழமை லொக் திறக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று முனகும், அவ்வளவுதான். "உப்புக்காற்று, அக்கா. திருகோணமலையில ஒரு சாமானும் நிக்காது" என்றார். எங்கள் யன்னல் கொளுக்கிகள் எல்லாம் கறள் பிடித்துக் கிடப்பதால் நம்பினேன். புது லொக்குக்கு இன்னும் 15,000. நாலு நாள் வேலை செய்தது, பிறகு அதே முனகல். அதற்குப் பிறகு அவருடைய போன் எப்போதும் ஓஃப்.

சீனக்குடாவில் வயரிங் வேலை செய்யும் மச்சான் வந்து வோல்ட் அளக்கும் மீற்றரை லொக்குக்குக் கரண்ட் வரும் வயரில் பிடித்தார். சும்மா இருக்கும்போது 12 வோல்ட். என்னைப் பொத்தானை அழுத்தச் சொன்னார், 7க்கு இறங்கியது. "லொக்கில பிழையில்லை மச்சாள், கரண்ட் வழியில செத்துப்போகுது." அந்த லொக் ஓர் அம்பியர் அளவுக்கு இழுக்குமாம். போய்த் திரும்ப 70 மீற்றருக்கு முடி போல மெல்லிய கம்பி எப்படித் தாங்கும்?

பிறகு ஓர் இழையை உருவி பிளேட்டால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செப்பு முலாம் பூசிய வயர். முறிந்த இடத்தில் அலுமினியம் தெரிந்தால் எங்கள் ஊர் ஈரத்துக்குச் சீக்கிரம் அரித்துப் போகும். (வெள்ளீயம் பூசிய நல்ல செப்புக் கம்பி இதற்கு எதிர்மாறு, வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. அதைக் கண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.)

எனக்கு வயிறு கலங்கியது அடுத்ததில்தான். கேற் தூணில் இருந்த இன்ரர்கொம் பெட்டியின் நாலு திருகாணிகளைக் கழற்றி, உள்ளே இருந்த இரண்டு வயர் நுனிகளைத் தொடவைத்தார். லொக் முனகியது. கம்பி சரியாக இருந்திருந்தால் கேற் திறந்திருக்கும். அதாவது ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தால் தெருவில் நிற்பவர் எவரும் உள்ளே வரலாம். லொக்குக்குக் கரண்டை விட்டுத் திறக்கும் சுவிச், அதாவது ரிலே, வீட்டுக்குள் இருக்க வேண்டுமாம். இவ்வளவு நாளும் அம்மா பகலில் அந்த வீட்டில் தனியே இருந்தா.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற போன் இலக்கத்தில் முறையிடலாம்தான். ஆனால் என் கையில் இருக்கும் பில்லில் 'இன்ரர்கொம் வேலை' என்று இரண்டே சொல். என்ன வயர், எத்தனை மீற்றர், எத்தனை மாத உத்தரவாதம், ஒன்றும் இல்லை. நீங்கள் போடுவதானால் இவற்றை எழுதி வாங்கிவிட்டு முற்பணம் கொடுங்கள். வயர் பைப்புக்குள் போக முன் ஒரு நுனியைச் சுரண்டிப் பாருங்கள், ஆள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

உப்புக்காற்று பொய்யென்று சொல்லவில்லை. வெளிப்பெட்டிக்கு மேல் மச்சான் ஒரு சின்னக் கூரை வைத்தார். தனிப் பைப் போட்டு, லொக்குக்கு மட்டும் 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் இழுத்தார். உப்பு தின்றுவிட்டது என்று மூலையில் போட்டுவிட்டுப் போன முதல் லொக்கையே எடுத்துத் துடைத்துப் பூட்டினார். இரண்டு மாதமாக அதுதான் திறந்து மூடுகிறது.